லிங்கன் தபாலில் போடாத கடிதம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜூலை 13, 14 ஆகிய இரண்டு நாட்களில் அதிபர் ஆபிரகாம் லிங்கன் தன் தளபதிகள் இருவருக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதினார். ஒன்று போய்ச் சேர்ந்தது. மற்றொன்று வெள்ளை மாளிகையைத் தாண்டவே இல்லை.

போய்ச் சேர்ந்த கடிதம் யுலிசஸ் கிராண்டுக்கு. மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள விக்ஸ்பர்க் நகரத்தை நீண்ட முற்றுகைக்குப் பின் ஜூலை 4 அன்று பிடித்திருந்தார் கிராண்ட். நாம் இருவரும் நேரில் சந்தித்ததாக எனக்கு நினைவில்லை என்று தொடங்குகிறார் லிங்கன். பிறகு, கிராண்ட் படையை நடத்திய விதத்தைப் பற்றித் தான் என்ன நினைத்திருந்தார் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறார். ஆற்றோடு தெற்கே போய் இன்னொரு படையுடன் சேர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணினேன், நீங்கள் வடக்கே திரும்பியபோது தவறு செய்கிறீர்கள் என்று பயந்தேன், இப்போது தெரிகிறது, நீங்கள் செய்ததே சரி, நான் நினைத்ததுதான் தவறு. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். ஒரு நாட்டின் அதிபர், முகம் பாராத ஓர் அதிகாரியிடம், யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டது இது.

மறுநாள் எழுதியது ஜார்ஜ் மீடுக்கு. அதே மாதம் முதல் மூன்று நாட்கள் கெட்டிஸ்பர்க்கில் நடந்த பெரும்போரில் மீட் வென்றிருந்தார். ஆனால் தோற்ற தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீயின் படை, வெள்ளம் வடியும்வரை பொட்டோமாக் ஆற்றங்கரையில் சிக்கிக் கிடந்தது. மீட் பாய்ந்து தாக்கவில்லை. 13-ஆம் தேதி இரவு லீ ஆற்றைக் கடந்து தப்பிவிட்டார். லிங்கனின் அதிருப்தி தந்தி வழியாக மீடின் காதுக்குப் போக, அவர் பதவி விலகுகிறேன் என்றார். அவரைச் சமாதானப்படுத்த எடுத்த பேனா, போகப் போகச் சூடேறியது. லீ உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், அவரை விட்டது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை, இனி இந்தப் போர் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது என்ற அளவுக்குப் போய்விட்டது. எழுதி முடித்தார். மடித்து உறையில் போட்டார். உறையின் மேல், தளபதி மீடுக்கு எழுதியது, அனுப்பவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை என்று குறித்துத் தனியே வைத்துவிட்டார். மீட் போர் முடியும்வரை தன் படையின் தலைமையில் நீடித்தார்.

கோபத்தை எல்லாம் லிங்கன் உறைக்குள்ளேயே அடக்கிவிட்டார் என்று எண்ண வேண்டாம். முந்தைய ஆண்டு அக்டோபரில் தளபதி மெக்லெல்லன், குதிரைகள் நோயுற்றுக் களைத்துவிட்டதால் நகர முடியவில்லை என்று தகவல் அனுப்பினார். ஆன்டீட்டம் போருக்குப் பிறகு உங்கள் குதிரைகள் களைத்துப் போகும்படி என்னதான் செய்தன என்று நான் கேட்டால் மன்னிப்பீர்களா என்று பதில் போனது. சில நாட்களில் மெக்லெல்லனின் பதவியும் போனது. யாருக்குச் சூடு வைத்தால் வேலை நடக்கும், யாருக்கு வைத்தால் இருக்கும் வேலையும் கெடும் என்ற கணக்கு லிங்கனுக்குத் தெரிந்திருந்தது. மேடைப்பேச்சுக்காகவே அவரைக் கொண்டாடுகிறோம். ஆனால் அவருடைய அரசியலின் நுட்பம் கடிதங்களில்தான் முழுதாகத் தெரிகிறது.

எல்லாப் படிப்பையும் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாத பள்ளிப்படிப்பு அவருடையது. இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்ற சிற்றூரில் 1833 முதல் 1836 வரை போஸ்ட் மாஸ்டராக இருந்தார். அந்தக் காலத்தில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் தபால் கூலி கொடுக்க வேண்டும். செய்தித்தாளுக்கும் கட்டணம் உண்டு. ஜார்ஜ் ஸ்பியர்ஸ் என்ற ஊர்க்காரர் பாக்கியைக் கொடுத்தனுப்பி, மறக்காமல் ரசீது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இளம் போஸ்ட் மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டப்படி முன்கூட்டியே தர வேண்டிய பணத்துக்கு ஒரு வருடம் காத்திருந்தேன், ரசீது இல்லாவிட்டால் மறுபடி கேட்பேன் என்று சந்தேகப்பட்டு என் மனதைப் புண்படுத்துகிறீர்களே என்று எழுதிவிட்டு, ரசீதையும் சேர்த்தே அனுப்பினார். 25 வயது லிங்கன் அனுப்பிவிடுகிறவர். 54 வயது லிங்கன் எடுத்து வைக்கத் தெரிந்தவர்.

தாள்களை ஒழுங்காக வைத்துக்கொள்வதில் மட்டும் அவர் கடைசிவரை தேறவில்லை. உயரமான தொப்பிதான் அவருக்கு நடமாடும் அலுவலகம். 1850-இல் சக வழக்கறிஞர் ஒருவருக்குத் தாமதமாகப் பதில் எழுதும்போது காரணத்தையும் சொல்கிறார்: உங்கள் கடிதத்தைப் பழைய தொப்பிக்குள் வைத்தேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கிவிட்டேன், பழையது மூலைக்குப் போக, கடிதமும் கூடவே போய்விட்டது.

சொந்தக் கடிதங்களில் இன்னொரு லிங்கன் இருக்கிறார். மேரி டாட் என்ற பெண்ணுடனான திருமணப் பேச்சு முறிந்தபோது, 1841 ஜனவரியில் தன் வக்கீல் கூட்டாளி ஜான் ஸ்டூவர்ட்டுக்கு எழுதியதைப் படித்தால் பதறும். உயிரோடிருப்பவர்களில் மிகத் துயரப்பட்டவன் நான்தான், என் மனநிலையை மனிதகுலம் முழுவதற்கும் பங்கு போட்டாலும் உலகில் ஒரு சிரித்த முகம் மிஞ்சாது என்கிறார். முறிந்தது பின்னர் ஒட்டியது. 1842 நவம்பர் 4 அன்று அதே மேரியை மணந்தார். ஒரு வாரம் கழித்து இன்னொரு வழக்கறிஞருக்கு வழக்கு விவகாரங்களை எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார்: இங்கே புதிதாக ஒன்றுமில்லை, எனக்குக் கல்யாணம் ஆனதைத் தவிர, அது எனக்கே பெரிய அதிசயமாக இருக்கிறது.

உறவினர்களிடம் அவர் அவ்வளவு இளகியவர் அல்ல. மாற்றாந்தாயின் முதல் திருமணத்தில் பிறந்த ஜான் ஜான்ஸ்டன், அடிக்கடி கைமாற்று கேட்பவர். 80 டாலர் வேண்டும் என்று எழுதியபோது லிங்கன் மறுத்தார். நீ சோம்பேறி அல்ல, ஆனால் வீணே பொழுது போக்குகிறாய் என்று நேராகவே சொன்னார். கூடவே ஒரு திட்டமும் தந்தார். கூலிக்கு வேலை செய், நீ சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் நான் ஒரு டாலர் தருகிறேன் என்பது அது. எழுபது எண்பது டாலருக்காக சொர்க்கத்தில் என் இடத்தையே கொடுத்துவிடுவேன் என்று ஜான்ஸ்டன் எழுதியிருந்தார் போலும். நான்கைந்து மாத உழைப்பில் கிடைக்கிற தொகைக்கா, சொர்க்கத்தை ரொம்ப மலிவாக மதிக்கிறாயே என்கிறார் லிங்கன்.

அதே ஜான்ஸ்டன், அப்பா சாகக் கிடக்கிறார் என்று எழுதினார். 1851 ஜனவரி 12 தேதியிட்ட பதிலில், மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருப்பதைச் சொல்லிவிட்டு, நாங்கள் இப்போது சந்தித்தால் அது மகிழ்ச்சியைவிட வேதனையாகத்தான் முடியுமோ என்று ஐயப்படுகிறார். கடவுளை நம்பச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறார். ஐந்து நாளில் தாமஸ் லிங்கன் இறந்தார். மகன் அடக்கத்துக்கும் போகவில்லை. மகானாகவே லிங்கனைப் பார்க்க விரும்புகிறவர்கள் தவிர்க்கும் கடிதம் இது. தவிர்க்கக் கூடாது என்பதே நியாயம்.

தவிர்க்கக் கூடாத இன்னும் இரண்டு கடிதங்கள் ஒரே காட்சியைப் பற்றியவை. 1841-இல் லிங்கனும் அவர் நண்பர் ஜோஷுவா ஸ்பீடும் லூயிவில் நகரிலிருந்து செயின்ட் லூயிஸ் நோக்கி நீராவிப் படகில் போனார்கள். அதே படகில், தெற்கே பண்ணை வேலைக்காக வாங்கப்பட்ட கறுப்பின அடிமைகள் 12 பேர் சங்கிலியில் கோக்கப்பட்டிருந்தார்கள். பயணம் முடிந்ததும் ஸ்பீடின் சகோதரி மேரிக்கு லிங்கன் ஒரு நன்றிக் கடிதம் எழுதினார். தூண்டில் கயிற்றில் மாட்டிய மீன்களைப் போல அவர்கள் இருந்தார்கள் என்கிறார். தாய் தந்தையை, மனைவி மக்களைப் பிரிந்து கொடிய எஜமானர்களிடம் போகிறார்கள் என்றும் சொல்கிறார். ஆனால் கடிதத்தின் வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இத்தனை துன்பத்திலும் படகிலேயே மிக உற்சாகமாக இருந்தவர்கள் அவர்கள்தான், ஒருவன் ஓயாமல் பிடில் வாசித்தான், மற்றவர்கள் ஆடினார்கள், பாடினார்கள், சீட்டாடினார்கள். எந்த நிலையையும் மனிதனுக்குத் தாங்கும்படி கடவுள் ஆக்கிவிடுகிறார் பாருங்கள் என்ற தத்துவத்தில் முடிக்கிறார்.

14 வருடம் போனது. அடிமை முறையைப் புதிய மேற்குப் பகுதிகளுக்குப் பரப்பலாமா என்ற சண்டையில் நாடே இரண்டுபட்டிருந்தது. ஸ்பீட் கென்டக்கியில் அடிமைகளை வைத்திருக்கும் பண்ணைக் குடும்பத்தவர். 1855 ஆகஸ்ட் 24 அன்று லிங்கன் அவருக்கு எழுதுகிறார்: படகில் சங்கிலியிட்ட பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்தோமே, உனக்கும் நினைவிருக்கலாம், அந்தக் காட்சி என்னை ஓயாமல் வதைத்தது, ஒஹாயோ ஆற்றங்கரையைத் தொடும்போதெல்லாம் அதைப்போல ஒன்றைப் பார்க்கிறேன், உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

பிடிலும் ஆட்டமும் இங்கே காணோம். அன்றைக்கே வதைத்ததை ஒரு பெண்ணுக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் மறைத்தாரா? பின்னாளில் கிடைத்த பார்வையைப் பழைய நினைவின் மேல் ஏற்றினாரா? அறிஞர்கள் இரண்டுவிதமாகவும் வாதிடுகிறார்கள். இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கம் என்று தோன்றுகிறது. மனிதர் மாறினார், மாறிய தடம் தாளில் இருக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் லிங்கனைத் தவறாகவே புரிந்துகொண்டிருப்போம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, 1855 கடிதம் நட்பை முறிக்கவில்லை. உன் சட்டபூர்வ உரிமையை நான் மறுக்கவில்லை, ஆனால் என்னைப் போன்றவர்கள் எவ்வளவை அடக்கிக்கொண்டு இந்த ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருக்கிறோம் என்பதை நீ உணர வேண்டாமா என்பதே அதன் தொனி. என்றும் உன் நண்பன் என்றே முடிகிறது. எதிராளி முகம் திருப்பிக்கொள்ளாத இடம்வரை போய் நிற்பது அவருடைய பழக்கம்.

அதிபரான பின் அதுவே அரசாளும் முறையானது. பதவியில் இருப்பவர் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது அன்றைய அமெரிக்காவில் மரபல்ல. லிங்கன் கடிதத்தை மேடையாக்கினார். பெயருக்கு ஒருவருக்கு எழுதுவார், படிப்பது நாடு முழுவதும். 1862 ஆகஸ்டில் நியூயார்க் ட்ரிப்யூன் ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி, அடிமைகளை விடுவிக்கத் தயங்குகிறார் என்று லிங்கனைத் தன் தாளில் கடுமையாகச் சாடினார். ஒன்றியத்தைக் காப்பதே என் முதல் நோக்கம், ஓர் அடிமையையும் விடுவிக்காமல் அதைச் செய்ய முடிந்தால் செய்வேன், எல்லோரையும் விடுவித்துச் செய்ய முடிந்தால் அதையும் செய்வேன் என்று ஆகஸ்ட் 22 அன்று பதில் எழுதினார். அடிமைகளைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை என்பதற்குச் சான்றாக இந்த வரியை இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, அமைச்சரவையில் படித்துக் காட்டிவிட்டார். அது மேசைக்குள் கிடக்கும்போதுதான் கிரீலிக்குப் பதில் போகிறது. தயங்கும் வடமாநில வெள்ளையருக்கு, வரப்போவது போர்த் தேவை என்று முன்கூட்டியே சொல்லிப் பதப்படுத்தும் கடிதம் அது. செப்டம்பர் 22 அன்று பிரகடனத்தின் முதல் அறிவிப்பு வந்தது. இதைச் சாமர்த்தியம் என்பதா, பூசி மெழுகல் என்பதா? இரண்டும் கலந்ததுதான்.

அடுத்த ஆண்டு, சொந்த ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த பெருங்கூட்டத்துக்கு வர முடியாத நிலையில், ஜேம்ஸ் கான்க்லிங் என்ற நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். கறுப்பினத்தவரை விடுவிப்பதற்காகப் போரிட மாட்டோம் என்கிறீர்கள், அவர்களில் சிலர் உங்களுக்காகப் போரிடத் தயாராக இருக்கிறார்களே என்ற கேள்வி அதில்தான் வருகிறது. கான்க்லிங்குக்குத் தனியாக ஒரு குறிப்பும் போனது: நீங்கள் நன்றாக வாசிப்பவர், ஒரே ஒரு யோசனை, மிக மெதுவாகப் படியுங்கள். கூட்டம் நடக்கும் முன்பே கடிதம் கசிந்து, கிழக்கு மாநிலப் பத்திரிகைகளில் சிதைந்த வடிவில் வெளிவந்தபோது லிங்கன் கொதித்துப்போனார். வாக்கியத்துக்கு வாக்கியம் அளந்து எழுதியவருக்கு அந்தக் கோபம் இயல்புதான்.

வெள்ளை மாளிகைக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன. ஜான் நிகோலே, ஜான் ஹே, வில்லியம் ஸ்டாடர்ட் போன்ற இளம் செயலாளர்கள்தான் பிரித்தார்கள். வேலை கேட்பவர்கள், மிரட்டுபவர்கள், கண்டுபிடிப்பு வைத்திருப்பவர்கள், கடவுளின் கட்டளையைத் தெரிவிப்பவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. ஐம்பதில் ஒன்றைக்கூட லிங்கன் படிக்கவில்லை, நான் எழுதியவற்றைப் படிக்காமலே கையெழுத்திட்டார் என்று ஹே பின்னாளில் சொன்னார்.

வந்தவற்றில் விசித்திரமானது சயாம் மன்னர் மோங்குட்டின் கடிதம். அமெரிக்கக் காடுகளில் யானைகளே இல்லையாமே, ஆணும் பெண்ணுமாகச் சில இளம் யானைகளை அனுப்பினால் பெருக்கிக்கொள்ளலாமே என்று பரிவோடு கேட்டிருந்தார். லிங்கன் கையெழுத்திட்டு 1862 பிப்ரவரி 3 அன்று போன பதில், எங்கள் நாட்டின் தட்பவெப்பம் யானை பெருக ஏற்றதல்ல, தவிர நீரிலும் நிலத்திலும் எங்களுக்கு நீராவியே போதுமானதாக இருக்கிறது என்று மரியாதையாக மறுத்தது. அதற்கு முன்பே, 1860 தேர்தலின்போது, நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டிலிருந்து கிரேஸ் பெடெல் என்ற 11 வயதுச் சிறுமி, உங்கள் முகம் ஒல்லியாக இருக்கிறது, தாடி வைத்தால் பெண்கள் தங்கள் கணவர்களை உங்களுக்கு ஓட்டுப் போடச் சொல்லி நச்சரிப்பார்கள் என்று யோசனை எழுதியிருந்தாள். இதுவரை வைக்காதவன் இப்போது வைத்தால் அசட்டுத்தனமாகத் தெரியாதா என்று பதில் கேட்டவர், வாஷிங்டனுக்குப் போகும் வழியில் அந்த ஊரில் ரயில் நின்றபோது தாடியோடு இறங்கிச் சிறுமியைப் பார்த்தார்.

துக்கம் விசாரிக்கும் கடிதங்களில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லினாயில் நீதிமன்ற எழுத்தராக இருந்த வில்லியம் மெக்கல்லோ லிங்கனின் பழைய நண்பர். 1862 டிசம்பரில் போரில் மாண்டார். அவர் மகள் ஃபேனி அறைக்குள் அடைந்து கிடப்பதாகத் தகவல் வந்தது. லிங்கனின் மகன் வில்லி இறந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. அவர் தன் தாயை இழந்தது ஒன்பது வயதில். ஃபேனிக்கு அவர் சொன்னது இது: துயரம் எல்லோருக்கும் வருகிறது, இளையவர்களை அது எதிர்பாராமல் தாக்குவதால் மிகக் கசப்பாக வருகிறது, உடனடி நிவாரணம் கிடையாது, இனி ஒருநாளும் தேற மாட்டேன் என்றுதான் இப்போது தோன்றும், அது தவறு, நீ மறுபடி மகிழ்ச்சியாக இருப்பாய், நான் அனுபவித்தே சொல்கிறேன். நாட்டுப்பற்று, தியாகம் என்ற சொல்லடுக்கு ஒன்றுமே இல்லை.

இதைவிடப் புகழ்பெற்றது, ஐந்து மகன்களைப் போரில் இழந்தவர் என்று கருதி பாஸ்டனைச் சேர்ந்த லிடியா பிக்ஸ்பிக்கு 1864 நவம்பரில் போன கடிதம். போரில் இறந்தவர்கள் இருவர்தான் என்று பின்னர் தெரிந்தது. அசல் கிடைக்கவில்லை. எழுதியவர் ஜான் ஹேதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எழுதியவர் யாராக இருந்தாலும், ஃபேனிக்கு எழுதிய கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிக்ஸ்பி கடிதம் நல்ல மேடைப்பேச்சு, அவ்வளவுதான்.

லிங்கன் 1865-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பின் தாள்கள் மூத்த மகன் ராபர்ட்டிடம் வந்தன. நிகோலேயும் ஹேயும் பத்துத் தொகுதி வாழ்க்கை வரலாறு எழுத மட்டும் கொடுத்தார். மற்றபடி யாரையும் நெருங்க விடவில்லை. 1919-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஒப்படைத்த பின்னும், தான் இறந்து 21 ஆண்டு கழிந்தபின்தான் திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1947 ஜூலை 26 நள்ளிரவில் பெட்டிகள் திறக்கப்பட்டன. கொலைச் சதியில் அமைச்சர்களுக்கே பங்குண்டு என்று காட்டும் தாள்கள் இருக்கும் என்ற வதந்தி அதுவரை உலவியது. அப்படி எதுவும் இல்லை. ஏறத்தாழ 20,000 ஆவணங்கள், பெரும்பாலும் பிறர் லிங்கனுக்கு எழுதியவை. மீடுக்கு அனுப்பாத அந்தக் கடிதமும் இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. அவர் எழுதியவற்றைப் பல இடங்களிலிருந்து திரட்டி, ராய் பாஸ்லர் 1953-இல் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார்.

தமிழ்நாட்டுப் பள்ளிச் சுவர்களிலும் ஆண்டு மலர்களிலும் வாட்ஸ்அப்பிலும் உலவும், மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் அந்த எட்டுத் தொகுதிகளில் இல்லை. அசல் எங்கும் இல்லை. அது யாரோ எழுதி அவர் பெயரில் ஏற்றியது.

மாணவர்களுக்கு லிங்கன் எழுதிய கடிதம்தான் வேண்டும் என்றால் அசலே இருக்கிறது. 1860 ஜூலை 22 அன்று, அதிபர் தேர்தலில் வேட்பாளராக இருந்த நேரத்தில், மகனின் நண்பன் ஜார்ஜ் லேதமுக்கு எழுதியது. அந்தப் பையன் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தோற்றிருந்தான். நீ தேறவில்லை என்று கேட்டபோது பட்ட வேதனை கொஞ்சமல்ல, ஆனாலும் மனம் தளராவிட்டால் இது ஒன்றுமே இல்லை, கல்லூரித் தலைவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார், நேரில் போய்ப் பார்த்து வழி கேள், தோற்க மாட்டேன் என்று நீ உறுதி எடுத்தால் தோற்க முடியாது என்கிறார். நீட்டிலும் நேர்காணலிலும் துவண்டு வரும் பிள்ளைகள் உள்ள ஊர் இது. தலைமை ஆசிரியர்கள் அந்தப் போலியைக் கழற்றிவிட்டு இதைத் தமிழில் எழுதி மாட்டலாம்.